முகத்தைத் திருப்பிக் கொடுத்தவன்

“கொடுக்கிறவன் மூஞ்சத் திருப்பிக்கிட்டு நிக்கான். இது பெருமையில்லாம வேற என்ன?”

சித்திரபாட ஆசிரியர் ஸஜாத் சேர் மேசையிலிருந்த போட்டோக் கொப்பியைத் தட்டினார். பரோக் காலத்து ஐரோப்பிய மைச்சித்திரம். பணக்காரன் ஒருவன் வலக்கையால் ரொட்டியை நீட்டுகிறான். இடக்கை நெஞ்சில். முகமோ மறுபக்கம். கீழே குந்தியிருக்கும் கிழவி இரண்டு கையாலும் வாங்குகிறாள்.

எதிரே கதிரை நுனியில் உட்கார்ந்திருந்தாள் றுமானா. பக்கத்தில் அவளுடைய மகள் பஸ்மினா, பத்தாம் வகுப்பு.

“சைகைக்குக் கருத்து எழுதச் சொன்னா, ஒங்கட மகள் கொப்பியில எழுதியிரிக்கிறதப் பாருங்க. ‘வாங்குறவ வெக்கப்படக் கூடாதெண்டு பார்க்காமக் கொடுக்கிறான்.’ ஆஹா! இவ போய் அவனுக்கிட்டக் கேட்டுட்டு வந்தாவாக்கும்!”

“சின்னப் புள்ள, சேர்...”

“பிழையெண்டு வெட்டினா, திருத்த மாட்டாவாம். திருத்தாட்டி மாகாணச் சித்திரப் போட்டிக்கு இவட பேர் போகாது. சொல்லிட்டன்.”

றுமானா மகளின் பக்கம் திரும்பினாள். அந்தப் போட்டிக்காக மகள் மூன்று மாதமாகப் படம் கீறுகிறாள்.

“திருத்துங்க மகள்.”

“மாட்டன் உம்மா.”

“பார்த்தீங்களா வாய? கொடுக்கிறவனுக்கு மனசு இரிந்தா, வாங்குறவட முகத்தப் பார்த்துக் கொடுப்பான். நாங்க கொடுக்கல்லயா? வெள்ளத்துக்கு எங்கட சங்கத்தால நூறு பொதி. ஒங்களுக்கும் என்ட கையாலதானே தந்தன்?”

“ஓம் சேர்.”

“நில்லுங்க, காட்டுறன்.” போனைத் தடவி பேஸ்புக்கைத் திறந்தார். “அறுநூறு லைக்!”

படத்தில் அரிசிப் பொதியின் ஒரு நுனி சேரின் கையில், மறு நுனி றுமானாவின் கையில். சேர் பல்லெல்லாம் தெரிய கமராவைப் பார்த்துச் சிரிக்கிறார். றுமானா முக்காட்டை இழுத்துவிட்டு, கண்ணைத் தரையில் வைத்திருக்கிறாள்.

பஸ்மினா அந்தப் படத்தைப் பார்க்கவில்லை. வகுப்பில் அதை எல்லோரும் முதலே அவளுக்குக் காட்டியிருந்தார்கள்.

றுமானா கொஞ்ச நேரம் இரண்டு படத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு எழுந்து, மகளின் கொப்பியை மூடினாள்.

“திருத்த வேணா மகள். வாங்க போவம்.”

“அப்ப போட்டிக்குப் பேர்?” என்றார் சேர்.

“அது ஒங்கட விருப்பம், சேர். ஒண்டே ஒண்டு கேக்கன். நான் கமராவப் பார்க்கல்லயெண்டு, அந்தப் பொதிய மூணு தரம் என்ட கையிலயிருந்து திருப்பி வாங்கித் திருப்பித் தந்தீங்களே... அதுல ஒரு தரமாவது என்ட முகத்தப் பார்த்தீங்களா?”