அடுத்த மருந்துக்கடை

இந்தக் காலத்துச் சனத்துக்கு ஏலாது என்றால் ஏலாது என்று சொல்லத் தெரியாது. அதையும் சிரித்துச் சிரித்துத்தான் சொல்லுகிறார்கள்.

ரெய்னர்ஸ் லேன் மருந்துக்கடையில், பிரஷர் குளிசைக்காகக் கதிரையில் இருந்த செபஸ்தியாம்பிள்ளைக்கு அப்படித்தான் பட்டது.

கவுண்டருக்கு முன்னால் ஒரு பெண், தள்ளுவண்டியில் கைக்குழந்தையோடு. ஊரிலிருந்து வந்து அதிக காலமில்லை. இங்கிலீஷ் வாயில் வராததால் தமிழ் ஆள் நிற்கிற கடையாகத் தேடி வந்திருக்கிறாள்.

குரலைத் தாழ்த்தித்தான் கேட்டாள். ஆனால் கடை சின்னது.

கருத் தங்காமல் இருக்க ஒரு குளிசை வேண்டும். வயிறு வெட்டிப் பிள்ளை எடுத்த காயமே இன்னும் ஆறவில்லை. உடனே இன்னொன்று தங்கினால் உயிருக்கு மோசம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

மருந்து கொடுக்கிற பெனிற்றா நல்ல மரியாதையாகவே மறுத்தாள். தன் மனச்சாட்சி இடம் தராதாம். சட்டமும் தன்னை வற்புறுத்தாதாம். பஸ் ஏறினால் அடுத்த கடையில் தருவார்களாம். ஞாயிற்றுக்கிழமை, நேரத்தோடு பூட்டிவிடுவார்கள், கெதியாகப் போகட்டாம்.

அங்கே தமிழ் பேசுகிறவர்கள் இருக்கிறார்களா என்று அந்தப் பெண் கேட்டாள். பெனிற்றா உதட்டைப் பிதுக்கினாள்.

கிழவர் எழுந்தார்.

அந்தக் குளிசை சரியோ பிழையோ அவருக்குத் தெரியாது. அது பாவம் என்று கோயிலில் சுவாமியார் சொல்லக் கேட்டிருக்கிறார். சுவாமியார் சொன்னதையெல்லாம் அவர் நம்பினதுமில்லை.

“மனச்சாட்சி உன்ர. பஸ்ஸுக்கு ஓடுறது அவள். நல்ல வசதிதான், பிள்ளை.”

பெனிற்றாவின் முகம் கறுத்தது. அவருடைய மருந்துப் பையை நீட்டினாள். இதைத் தர மட்டும் மனம் வந்ததோ என்று கேட்டுவிட்டு, அதை வாங்காமலே திரும்பினார்.

பெற்றோல் செட்டில் நின்று பழகின தன் இங்கிலீஷ் ஒரு குளிசை கேட்கப் போதும், விருப்பமென்றால் கூட வருகிறேன் என்றார் அந்தப் பெண்ணிடம். அவள் தயங்கினாள். பிறகு வண்டியைத் திருப்பினாள்.

சட்டம் அப்படித்தான் என்று பின்னால் பெனிற்றாவின் குரல் இன்னொரு முறை கேட்டது. எழுதினவனுக்கு விளங்கியிருக்கும், அவருக்கு விளங்கவில்லை.

கதவைத் திறந்து பிடித்தார்.

“அப்பா, பின்னேரப் பூசைக்கு ரெண்டு பேரும் ஒண்டாய்த்தானே போறம்?”

கவுண்டருக்குப் பின்னால் நின்ற மகளைத் திரும்பிப் பார்க்காமல், செபஸ்தியாம்பிள்ளை பஸ்ஸை மறிக்கக் கையை நீட்டியபடி நடந்தார்.