ஆறு கிழமைக்கு ஒரு நாய்

"தம்பிராசா ஒப்பரேசன் வேண்டாமெண்டு நிக்கிறான், தங்கச்சி."

வேலியடியில் நின்று சொன்னார் ஸெய்னுதீன் நானா. முற்றம் கூட்டிக்கொண்டிருந்த இராசமலர் நிமிர்ந்தாள்.

"ஏனாம்?"

"ஜிம்மிய ஆர் பாக்கிறதெண்டு கேக்கிறான். நாளைக்குக் காலமை ஆசுப்பத்திரியால கொழும்புக்குக் கொண்டு போகினம். நெஞ்சு ஒப்பரேசன். திரும்பி வர ஆறு கிழமை. நாய்க்கு ஒரு வழி சொல்லாட்டி அம்புலன்சில ஏற மாட்டானாம்."

தம்பிராசா இருவர் வீட்டுக்கும் நடுவில் இருந்த வளவுக்காரர். உப்புவெளியில் அவருக்கென்று இருந்தது ஒரு வீடும் ஒரு நாயும்தான்.

"சாப்பாடு வச்சுக் கட்டி விட்டா இருக்கும்தானே, நானா?"

"தனிய விட்டா அது தண்ணியும் குடியாது. பக்கத்தில ஆள் இருக்கோணும், படுக்கோணும். அவன் ஆசுப்பத்திரிக்குப் போன ரெண்டு நாளும் பட்டினி."

இராசமலர் யோசித்தாள். யோசிக்க யோசிக்கக் காரணங்கள் வந்தன.

"எங்கட வீட்டுக்கு இப்பதான் மாபிள் பதிச்சது. இவருக்கும் நாய் மயிர் எண்டாத் தும்மல். அதோட, நீங்கள்தானே அவரின்ர கூட்டாளி? முப்பது வருசமா ஒரே வள்ளத்தில போனனீங்கள். நீங்கள் வச்சிருங்கோவன்."

"எங்கட வீட்டில நாய் வைக்க ஏலாது, தங்கச்சி. தெரியும்தானே."

"ஓம், ஓம். கூட்டாளி வேணும். கூட்டாளியின்ர நாய்தான் வேண்டாம்."

ஸெய்னுதீன் வேலியடியை விட்டுப் போய்விட்டார்.

மறுநாள் காலை இராசமலரின் போன் அடித்தது. தம்பிராசா.

"பிள்ளை, அம்புலன்சில ஏறிட்டன். ஜிம்மிய நீங்கள் பொறுப்பெடுத்திட்டீங்களாம். ஸெய்னுதீன் சொன்னவன். சாகுமட்டும் மறக்க மாட்டன்."

"அண்ணை, அது வந்து..."

"நல்லா இருக்கோணும், பிள்ளை."

இல்லை என்று சொல்ல அவளுக்கு நா எழவில்லை. போனை வைத்ததும் எழுந்தது.

"தான் கழண்டுகொண்டு என்ர தலையில கட்டிப் போட்டார்! இண்டைக்கு இருக்கு அவருக்கு!"

ஸெய்னுதீன் வீட்டு வாசலில் அவர் மனைவி மைமூனா மீன் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"நானா எங்க?"

மைமூனா கத்தியாலேயே தம்பிராசாவின் வீட்டைக் காட்டினாள்.

அங்கே விறாந்தையில் ஒரு பாய், ஒரு தலையணை. ஸெய்னுதீன் நிலத்தில் குந்தியிருந்தார். அவருக்கு முன்னால் ஜிம்மி சோறு தின்றுகொண்டிருந்தது. தின்று முடித்ததும் அவர் கையை ஆசையாக நக்கியது.

ஸெய்னுதீன் அவசரப்படவில்லை. எழுந்துபோய், வாளித் தண்ணீரில் கையைக் கழுவினார். ஒரு தரம் மண் தேய்த்தும் கழுவினார். நாயின் எச்சில் பட்டால் மார்க்க முறைப்படி ஏழு தரம்.

திட்ட வந்த இராசமலர் எண்ணிக்கொண்டு நின்றாள்.

"என்ர பேரை ஏன் சொன்னனீங்கள், நானா?" குரல் அவள் நினைத்த அளவுக்கு ஏறவில்லை.

"என்ர பேரைச் சொல்லியிருந்தா, எனக்குக் கரைச்சல் எண்டு அம்புலன்சால இறங்கி வந்திருப்பான்."

"அப்ப, ஆறு கிழமையும்?"

ஸெய்னுதீன் தோய்த்து வைத்திருந்த தன் மாற்றுச் சாரத்தை உதறித் தம்பிராசாவின் கொடியில் காயப் போட்டார்.

"நாய்தான் எங்கட வீட்டுக்கு வர ஏலாது, தங்கச்சி. நான் நாயின்ர வீட்டுக்கு வரலாம்தானே?"