ஒரு பிள்ளைக்கு ஒரு வீடு

"டீச்சர், தக்காளியைக் காணோம்!"

ஆயா மூச்சிரைக்க ஓடிவந்தாள். டீச்சர் கையிலிருந்த கோந்து டப்பா நழுவியது. தக்காளி என்பது, ஒரு நான்கு வயதுக்காரியின் கன்னத்தைப் பார்த்து வகுப்பே வைத்த பெயர்.

"பாத்ரூம் பார்த்தியா?"

"பாத்ரூம், ஊஞ்சல், மாடிப்படி, எல்லாம் பார்த்தாச்சு. தண்ணி கேன் இறக்கினப்போ கேட் திறந்திருந்துச்சு டீச்சர்…" ஆயாவுக்கு அழுகை முட்டியது.

பத்தாவது நிமிடம் தக்காளியின் அம்மா வந்து நின்றாள், மருந்துக்கடைக் கோட்டைக்கூடக் கழற்றாமல்.

"என் பிள்ளை எங்கே? வெளியே லாரி லாரியா ஓடுதே!"

டீச்சரின் பார்வை சுவருக்குப் போயிற்று. பிள்ளைகள் செய்த பேட்டை வரைபடம் அது. போன வாரம் தெருத்தெருவாகக் கூட்டிப்போய், அவரவர் வீட்டுக் கேட்டில் காகிதத்தை வைத்துக் கிரேயானால் தேய்க்கச் சொல்லி, பதிந்த வடிவத்தை அந்தந்த இடத்தில் ஒட்டியிருந்தார்கள். மூன்றாவது தெருவில் மட்டும் கிழித்த தடம்.

"இவ ரெண்டு கேட்டைத் தேய்ச்சா. நாளைக்கு எல்லாரும் பார்க்க வர்றீங்களே, ஒரு பிள்ளைக்கு ஒரு வீடுதான்னு சொல்லி, காலையில நான்தான் ஒண்ணைப் பிய்ச்சேன். 'அதுவும் என் வீடுதான்'னு ஒரே அடம்…"

"மூணாவது தெருவா?" அம்மாவின் குரல் இறங்கிப்போனது. "எந்த கேட்?"

"சூரியன் போட்ட கேட்."

அம்மா வாசலைத் தாண்டி நடந்தாள். நடை ஓட்டமாயிற்று. டீச்சர் பின்னாலேயே ஓடினாள்.

"அங்கே சொந்தக்காரங்க யாராவது இருக்காங்களாம்மா? பிள்ளையோட அப்பாவுக்குச் சொல்லியாச்சா?"

"அவர் கப்பல்ல இருக்கார்."

மூன்றாவது தெருமுனையில் அவள் சட்டென்று நின்றாள்.

"நீங்க போய்க் கூட்டிட்டு வாங்க டீச்சர். நான் இங்கேயே நிக்கறேன்."

"உங்க பிள்ளைம்மா!"

"போங்க டீச்சர், ப்ளீஸ்."

சூரியனைத் தள்ளிக்கொண்டு டீச்சர் உள்ளே பாய்ந்தாள். கூடத்துத் தரையில் குப்புறப் படுத்து எதையோ வரைந்துகொண்டிருந்தாள் தக்காளி. பக்கத்தில் ஒருவர். அதே கன்னம்.

"அஞ்சு நிமிஷம் ஆச்சு, வந்து நிக்கறா. ஸ்கூலுக்குப் பேசத்தான் போனை எடுத்தேன்." அவர் தடுமாறி எழுந்தார். "நான் இவ அப்பாங்க. நாங்க பிரிஞ்சு ஒரு வருஷம் ஆகுது. பிள்ளை மனசு உடைஞ்சிடக் கூடாதுன்னு, நான் கப்பல்ல இருக்கறதா சொல்லி வச்சிருக்கோம். போன வாரம் நீங்க கூட்டிட்டு வந்தப்போ, ஜன்னல்ல என்னைப் பார்த்துட்டா."

டீச்சர் குனிந்தாள். தக்காளியை வாரி இடுப்பில் வைத்துக்கொண்டு தெருவுக்கு வந்தாள்.

"அம்மா அந்த முனையில நிக்கறாங்கடா செல்லம். பயந்தே போயிட்டாங்க."

தக்காளி பதறிப்போய் டீச்சரின் வாயைப் பொத்தினாள். காதோடு காதாக, ரகசியமாகக் கெஞ்சினாள்.

"அம்மாகிட்ட சொல்லிடாதீங்க டீச்சர். அப்பா நிஜமாவே கப்பல்லதான் இருக்கார்னு, பாவம், அவங்க நம்பிட்டிருக்காங்க!"