ஆறு தூண் வீடு

குறுக்கே கட்டியிருந்த கயிற்றைத் தூக்கி, குனிந்து நுழைந்து, நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

நாற்காலியா அது! நாயக்கர் மகாலில்கூட அப்படி ஒன்று கிடையாது.

கயிறு, நாய் ஏறாமலிருக்க என்று நினைத்தார்.

மடியில் தாம்பாளம். பூ, பழம், வெற்றிலை, தேங்காய், அரக்கு நிறத்தில் ஒரு பட்டு.

ஜன்னலுக்கு வெளியே ஆறு கடலில் கலந்துகொண்டிருந்தது. அதையும் சம்பந்தி வீட்டுச் சொத்தில் சேர்த்துக்கொண்டார்.

மனைவி பூரணம் கயிற்றுக்கு இந்தப் பக்கமே நின்றாள்.

“வந்து உக்காரு. சம்பந்தி வீடுதானே.”

“கூப்பிடாம எப்படி உக்கார்றது?”

மகன் காட்டிய புகைப்படத்தில் அவன் விரும்பிய பெண் ரெஜின் இந்த வீட்டுப் படியில்தான் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள்.

அதற்கு முன்பு ஒரு வருடம் வீட்டில் அடுப்பெரியாத குறை. பாதி பிரெஞ்சு, பாதி தமிழு, சட்டைக்கார வீட்டுப் பொண்ணா? நான் செத்த பெறகு கட்டிக்கோ என்று திருமங்கலமே அதிரக் கத்தியிருந்தார்.

படத்தில் பெண்ணுக்குப் பின்னால் தூண்கள் தெரிந்தன.

கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

“குடும்பம் நல்ல குடும்பமாத்தான் தெரியுது.”

படத்தில் ஆறு தூண். டீக்கடையில் பன்னிரண்டு. பெருமாள் கோயில் வாசலுக்குப் போவதற்குள் இருபத்துநாலாகி, மொட்டைமாடியில் ஒரு யானையும் கட்டியாகிவிட்டது.

“தூணையா கட்டிக்கிறப் போறான் உங்க மகன்?” என்று பூரணம் அன்றே கேட்டாள்.

மகன் நாளைக்குத்தான் வரச் சொல்லியிருந்தான். ஒரு நாள் முந்திப் போய் நின்றால்தான் பவிசு புரியும். புதுச்சேரியில் இறங்கியதும் ஆட்டோக்காரரிடம் படத்தை நீட்டினார். அவர் யோசிக்கவேயில்லை.

ஊரே அறிந்த வீடு!

வாசலில் பிரெஞ்சில் ஒரு பலகை. வீட்டுப் பெயராக இருக்கும். பக்கத்தில் மேசை, ஆளில்லை. காவல்காரன் சாப்பிடப் போயிருப்பான். செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டு, வலது காலை எடுத்து வைத்து வந்திருந்தார்.

துடைக்கும் துணியோடு ஒருத்தி உள்ளே வந்தாள். நீல ஏப்ரன். நரைத்த கொண்டை.

அவரைப் பார்த்ததும் நின்றாள். தாம்பாளத்தைப் பார்த்தாள். முகம் மலர்ந்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

அவர் முந்திக்கொண்டார்.

“யம்மா, வீட்டுக்காரம்மாகிட்ட மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்திருக்காங்கன்னு சொல்லு. அப்படியே ரெண்டு காப்பி. எனக்குச் சீனி கம்மியா.”

அவள் வாயை மூடிக்கொண்டாள். போனாள்.

எவர்சில்வர் டம்ளர் ஒன்றிலும் ஃபிளாஸ்க் மூடியிலுமாகக் காப்பி வந்தது. அரண்மனையில் இப்படியா என்று அவர் புருவம் ஏறியது.

“கயிறுக்கு அந்தப் பக்கம் யாரும் உக்காரக் கூடாது முசியே. இது மியூசியம். எங்க கிரெயோல்காரங்க, பிரெஞ்சும் தமிழும் கலந்த சனங்க இருந்த பழைய வீடு, சனங்க வந்து பாக்கறதுக்கு வச்சிருக்காங்க. நான் இங்க துடைக்கிற வேல.”

கொஞ்சம் நிறுத்தினாள்.

“நான்தான் ரெஜினோட அம்மா. ஆறிடும், குடிங்க.”

எழுந்தார். நாற்காலி முனகியது. அக்கரை வரை கேட்டிருக்கும்.

வெட்கம் உள்ளங்காலில் ஆரம்பித்து வழுக்கை வரை ஏறியது. அதற்குமேல் போக இடமில்லாமல் காதில் வந்து நின்றது. கயிற்றுக்குக் கீழே குனிந்தவருக்கு நிமிரத் தெரியவில்லை.

காப்பியில் சீனி கம்மியாகத்தான் இருந்தது.

தாம்பாளத்தை நீட்டினார்.

அவள் கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டாள். வாங்கவில்லை.

“இங்க வச்சு எப்படிங்க வாங்கறது? எங்க வீடு இல்லியே.”

வெளியே படியைக் காட்டினாள்.

“பள்ளிக்கூடம் வுட்டு வந்தா ரெஜின் அங்கதான் உக்காந்திருக்கும். எனக்கு வேல முடியற வரைக்கும்.”

தன் வீடு என்று அந்தப் பெண் ஒருநாளும் சொன்னதில்லை. அவரும் கேட்டதில்லை. கேட்பானேன்? தூண்தான் தெரிந்ததே.

“சாயந்தரம் பூட்டுனதும் வருவேன். எங்க வீடு வாய்க்கா ஓரம். ஷீட்டு போட்டது. வர மனசிருந்தா வெளியில இருங்க. இல்லன்னா பரவால்ல, ரெஜின்கிட்ட நான் சொல்லிக்கிறேன்.”

நாற்காலிக்குப் போனாள். அவர் உட்கார்ந்திருந்த இடத்தைத் துடைக்க ஆரம்பித்தாள்.

பூரணம் டம்ளரையும் மூடியையும் எடுத்துக்கொண்டு, கழுவ இடம் தேடிப் பின்பக்கம் போய்விட்டாள்.

அவர் வெளியே வந்தார்.

ஆட்டோக்காரர் இன்னும் வாசலில்தான் நின்றிருந்தார். பஸ் ஸ்டாண்டா என்று கையால் கேட்டார்.

அவர் வெகுநேரம் ஆட்டோவையே பார்த்தார்.

வேண்டாம் என்று கையசைத்தார்.

ஆட்டோ போனது. படியில், படத்தில் அந்தப் பெண் உட்கார்ந்திருந்த இடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். வீட்டைப் பார்க்க வந்த வெள்ளைக்காரத் தம்பதி அவரையும் தாம்பாளத்தையும் சேர்த்து ஒரு படம் எடுத்துக்கொண்டார்கள். அவரும் காட்சிக்கு வைத்த சாமான் என்று நினைத்திருப்பார்கள்.

போன் அடித்தது. ஊரிலிருந்து மச்சினன். பின்னால் டீக்கடைச் சத்தம். ஸ்பீக்கரில் போட்டிருக்கிறான்.

“மச்சான், எல்லாரும் இங்கதான் இருக்கோம். வீட்டுக்குள்ள போயாச்சா?”

நிமிர்ந்து பார்த்தார். தூண் ஆறுதான்.

“இன்னும் இல்லடா” என்றார்.

தாம்பாளத்தை வெயில் படாத பக்கம் நகர்த்தி வைத்துக்கொண்டார்.