வாசல் சிலந்திகள்

"நாளைக்கு உன் உம்மா வாறாங்க. இந்த வாசலைப் பாத்துட்டு என்னையா கேப்பாங்க, உன்னையா?"

விடிந்ததும் விடியாததுமாக மாமியார் ஸைனம்பு இப்படிக் கேட்டதும் ஜெமீலா எழுந்தாள். துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள்.

கதவு நிலையின் இரண்டு மூலையிலும் சிலந்தி வலை. நேற்றுக் காலையில்தான் தட்டிவிட்டிருந்தாள்.

லுணுகலைக் கடைத்தெருவின் கோடியில், தேயிலைத் தோட்டத்து ரோட்டிலிருந்து கல்படிகள் ஏறிவந்து முடிகிற இடத்தில் அவர்கள் வீடு. பண்டாரவளையிலிருந்து ஹுமைதுக்கு வாழ்க்கைப்பட்டுப் புதிதாக வந்தவள் ஜெமீலா. இந்த மருமகள் வந்த பிறகுதான் வீட்டில் சிலந்தி குடியேறியது என்று மாமியார் கடைத்தெருவுக்கு வருகிற பெண்களிடமெல்லாம் சொல்லி வைத்திருந்தாள்.

சிலந்தியைக் கொல்வது அந்த வீட்டில் வழக்கமில்லை. வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

ஜெமீலாவும் சும்மா இருக்கவில்லை. சுவரை ஒட்டி அடுக்கியிருந்த விறகைக் கொல்லைக்கு மாற்றினாள். சுவர் விரிசல்களைச் சுண்ணாம்பு குழைத்து அடைத்தாள். சாம்பிராணிப் புகை போட்டாள். அடுப்படியில் சிலந்தி ஒழிந்தது, கொல்லைக் கதவில் ஒழிந்தது. வாசலில் மட்டும் போகிற வழியாக இல்லை.

அன்றைக்குக் கூட்டும்போதுதான் ஒன்றைக் கவனித்தாள். நிலைப்படியில் உதிர்ந்து கிடந்தது அத்தனையும் விட்டில் பூச்சியின் இறக்கை. அண்ணாந்து பார்த்தாள். தலைக்கு நேர் மேலே மாமியாரின் லாந்தர் விளக்கு.

ராத்திரி முழுக்க எரிகிற விளக்கு. விளக்கைத் தேடிப் பூச்சி வருகிறது, பூச்சியைத் தேடிச் சிலந்தி வருகிறது. அடடா, இவ்வளவுதானா என்று இருந்தது அவளுக்கு.

ஓடிப்போய் மாமியாரிடம் சொன்னாள். படுக்கப் போகும்போது விளக்கை அணைத்துவிட்டால் போதும் என்றாள். மாமியாரின் முகம் இறுகிவிட்டது.

"வலையை நீ தட்டு. விளக்குல மட்டும் கை வைக்காதே."

ஹுமைதிடம் முறையிட்டாள். அவன் சிரித்தான். விடிய விடிய விளக்கு எரிகிற வாசல் இந்தத் தெருவிலேயே நம்முடையது ஒன்றுதான், உம்மாவுக்கு அதில் ஒரு பெருமை, விட்டுவிடு என்றான்.

ஜெமீலாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெருமை அவர்களுக்கு, கெட்ட பேர் எனக்கா?

அன்று மாமியார் படுத்ததும் விளக்கை அணைத்து உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டாள்.

காலையில் நிலையில் ஒரு நூல்கூட இல்லை.

மாமியார் எழுந்து வந்து விளக்கில்லாத கொக்கியைப் பார்த்தாள். திட்டு விழப்போகிறது என்று ஜெமீலா தயாராக நின்றாள். விழவில்லை. மாமியார் எதிர்வீட்டைப் பார்த்தாள். கதவு சாத்தியிருந்தது. உள்ளே போனாள். திரும்ப வந்து பார்த்தாள்.

எதிர்வீட்டில் இருப்பது அன்னலட்சுமி. தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கிற லயங்களுக்குப் போய்ப் பிரசவம் பார்க்கிற மருத்துவச்சி. எப்போதோ அவளுடைய ஆடு இந்த வீட்டு வெற்றிலைக் கொடியை மேய்ந்துவிட, வாய்ச்சண்டை முற்றி, அன்றோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றுபோயிற்று. அந்த வாசலை மிதிக்கக்கூடாது என்பதுதான் கல்யாணமாகி வந்த ஜெமீலாவுக்கு மாமியார் போட்ட முதல் சட்டம்.

அதே மாமியார் இப்போது, எதிர்வீட்டுக்குப் போய் ஆட்டைக் கட்டி வைக்கச் சொல்லிவிட்டு வா என்றாள்.

போனாள். ஆடு கட்டித்தான் இருந்தது. அன்னலட்சுமி வீங்கிய காலை வெந்நீரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"லயத்துல ஒரு பிரசவம் பாத்துட்டு வந்தேன், தாயி. கீழ ரோட்டுல இருந்து பாத்தா உங்க வாசல் இருட்டா இருக்கு. இத்தனை வருஷத்துல அப்படி இருந்ததே இல்லை. உங்க மாமிக்கு என்னமோ ஏதோன்னு படியில ஓடி ஏறினேன். கால் பிசகிடுச்சு."

ஜெமீலா அவள் காலருகே குனிந்து உட்கார்ந்தாள். கதவைத் தட்டியிருக்கலாமே என்று மெல்லக் கேட்டாள்.

"பேச்சு இல்லாத வீட்டுல எப்படித் தட்டுறது? வாசல்லயே நின்னேன். உள்ள அவங்க இருமுற சத்தம் கேட்டுச்சு. அப்புறம்தான் எனக்கு மூச்சு வந்துச்சு. வீட்டுக்கு வந்துட்டேன்."

ஜெமீலா திரும்பி வந்து ஒன்றுவிடாமல் சொன்னாள். மாமியார் உள்ளே போய்த் தைலப் போத்தலை எடுத்துவந்தாள். நீயாகக் கொண்டு வந்ததாகச் சொல்லிக் கொடு என்றாள்.

கொடுத்துவிட்டு வந்த ஜெமீலா ஹுமைதைப் பிடித்தாள். நீளமான கம்பம் ஒன்றை வெட்டிவரச் சொல்லி, வீட்டு நிலையை விட்டுத் தள்ளி, கல்படிகள் முடிகிற இடத்தில் நடவைத்தாள். இனி விளக்கு அதில் தொங்கட்டும். பூச்சியும் சிலந்தியும் அங்கேயே குடித்தனம் நடத்தட்டும். மாமியார் படிகளில் இறங்கி நின்று பார்த்துவிட்டு, கொக்கியை இன்னும் கொஞ்சம் தாழ்த்தி அடிக்கச் சொன்னாள்.

மத்தியானம் வந்த ஜெமீலாவின் உம்மா, நிலையை அண்ணாந்து பார்த்தார். உங்கள் மகள் கைபட்டுத்தான் வாசல் இப்படி இருக்கிறது என்று மாமியார் முந்திக்கொண்டு சொன்னாள்.

சாயங்காலம் மாமியார் கம்பத்தடியில் நின்று விளக்கை ஏற்றினாள். ஜெமீலா கண்ணாடியைத் துடைத்துக் கொடுத்தபடி கேட்டாள்.

"அவங்களோட இனிமேலும் பேச மாட்டீங்களா, மாமி?"

"மாட்டேன்" என்றாள் மாமியார், திரியைச் சற்றுத் தூண்டிவிட்டு. "ஆனா அவகூடப் பேசாம இருக்கணும்னா, முதல்ல அவ நல்லபடியா வீடு வந்து சேரணுமே."