போன வருடத்தால் வகுக்க வேண்டும்

"இன்னும் நாற்பது நிமிஷம்தான், கொஞ்சம் தாக்குப்பிடிங்க" என்று மேனேஜர் என் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினார்.

பதினெட்டு வருடமாக என்னை 'டேய்' என்று கூப்பிட்டவர். சாகக் கிடந்தால்தான் மனிதனுக்கு ஒரு 'ங்க' கிடைக்கும் போலிருக்கிறது.

ஆலை உருளையில் சிக்கி மார்பு நசுங்கி மூன்று நாள் ஆகியிருந்தது. டாக்டர் காலையிலேயே கையை விரித்துவிட்டார். மத்தியானம் தாண்டாது என்றார். தாண்டிவிட்டேன். ஒரு மரியாதைக்குத்தான்.

விஷயம் இதுதான். எங்கள் அட்டை ஆலையில் போன வருடம் உருளைக்குள் இழுக்கப்பட்டுச் செத்தவர்கள் நான்கு பேர். இந்த வருடம் சாவு ஐம்பது சதவீதமாவது குறையாவிட்டால் ஆலைக்குப் பூட்டு என்று அரசாங்கத்திலிருந்து கடிதம் வந்திருந்தது. இதுவரை இரண்டு பேர் போயிருந்தார்கள்.

ஆலையின் வருடம் அன்று மாலை ஆறு மணிக்கு முடிகிறது. அதற்குள் நான் போனால் மூன்று. ஆறு அடித்தபின் போனால் புது வருடத்தின் முதல் ஆள், யாருக்கும் தொந்தரவில்லை.

முந்நூறு குடும்பத்தின் அடுப்பு என் மூக்கில் சொருகியிருந்த குழாயில் எரிந்துகொண்டிருந்தது.

அதனால் உபசாரம் பலமாக இருந்தது. மேஸ்திரி எனக்குத் துணையாகத் தானும் மூச்சை இழுத்து இழுத்து விட்டார். அவருக்கு ஆஸ்துமா. ஒரு கட்டத்தில் நர்ஸம்மா குழாயை யாருக்கு வைப்பது என்று குழம்பிப் போனாள். சத்தியமாக.

நடுவில் ஒருமுறை எனக்குக் கண் செருகியது. மேஸ்திரி கன்னத்தில் தட்டினார். "அண்ணே, ஊர்ல இல்லாத ரோஷக்காரராச்சே நீங்க! அந்த ரோஷத்தை இப்பக் காட்டுங்கண்ணே!"

குமாஸ்தா மூலையில் கால்குலேட்டரைத் தட்டிக்கொண்டிருந்தார். திடீரென்று துள்ளினார்.

"சார்! போன வருஷம் நாலு, இப்ப ரெண்டு. ரெண்டு குறைஞ்சிருக்கு. ரெண்டை ரெண்டால வகுத்து நூறால பெருக்கினா, நூறு சதவீதம் குறைவு சார்!"

நூறு சதவீதம் குறைவு என்றால் ஒருவருமே சாகவில்லை என்று அர்த்தம். செத்த இரண்டு பேரும் எழுந்து வேலைக்கு வந்துவிட்டது போல மேனேஜர் முகம் மலர்ந்தது. இனி நீ தாராளமாகப் போகலாம் என்பது போல என் கையை விட்டார்.

எனக்குப் பொறுக்கவில்லை. கழிவு எத்தனை சதவீதம் குறைந்தது என்று ஆலைப் பலகையில் தினமும் எழுதுகிறவன் நான். குழாயைக் கொஞ்சம் ஒதுக்கிக்கொண்டேன்.

"பழையதாலதான்யா வகுக்கணும். போன வருஷத்து நாலால. ஐம்பதுதான் வரும்."

"நீங்க போயிட்டா?" என்றார் மேனேஜர்.

"நாலு மூணாகும். ஒண்ணுதான் குறைவு. நாலுல ஒண்ணு, இருபத்தஞ்சு."

மேனேஜர் மறுபடி கையைப் பிடித்துக்கொண்டார்.

ஐந்தே முக்காலுக்கு வராந்தாவில் போன் அடித்தது. குமாஸ்தா போய்க் கேட்டுவிட்டு வந்தார். முகத்தில் ரத்தமில்லை.

"சார், ஆலைலேர்ந்து. மூணாம் நம்பர் உருளைல ஒரு ஆள்."

"போயிட்டானா, இழுத்துக்கிட்டு இருக்கானா?"

"போயாச்சு சார்."

மேனேஜர் விரல் விட்டுக் கணக்குப் போட்டார். இந்தத் தடவை சரியாகவே போட்டார். மூன்று பேர், இருபத்தைந்து. நானும் சேர்ந்தால் நான்கு பேர், பூஜ்யம். இருபத்தைந்துக்கும் பூட்டுதான், பூஜ்யத்துக்கும் அதே பூட்டுதான்.

இரவல் வாங்கிய பொருளைத் திருப்பித் தருகிற மாதிரி என் கையைப் போர்வைமேல் வைத்தார்.

"சரிப்பா. இனி உன் இஷ்டம்."

மேஸ்திரி தன் மூச்சைத் தனக்காக விட ஆரம்பித்தார். குமாஸ்தா, மேனேஜர் அறையிலிருந்து எனக்காகக் கொண்டுவந்திருந்த டேபிள் ஃபேனைப் பிடுங்கி, வயரைச் சுற்றி, கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிளம்பினார். கதவைச் சாத்தக்கூட இல்லை.

செத்தது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

நானும் கேட்கவில்லை. மூன்றாம் நம்பர் என்னுடைய உருளை. அன்று அதில் எனக்குப் பதிலாக நின்றது யார் என்று எனக்குத் தெரியும். காலையில் என் கால்மாட்டில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்த என் தம்பி.

அவன் அழுதால் எனக்கு மூச்சு தடுமாறும், ஆறு மணி வரை தாங்காது என்று மேனேஜர்தான் அவனை வேலைக்கு அனுப்பிவைத்தார். போடா, நான் எங்கேயும் போய்விட மாட்டேன் என்று நானும்தான் சொன்னேன்.

ஆறு அடித்தது. இருந்தேன். அதற்குப் பிறகும் முப்பத்தைந்து வருடமாக இருந்துகொண்டேதான் இருக்கிறேன். கையை விரித்த டாக்டர் செத்தபோது அவருக்குக்கூட நான்தான் மாலை போட்டேன்.

அம்மாவுக்கு நாங்கள் இரண்டே பிள்ளைகள். மேனேஜர் கேட்ட ஐம்பது, எங்கள் வீட்டில் சரியாக வந்தது.