பிளாஸ்திரி

சித்திரை பிறந்துவிட்டால் செந்தாமரையும் அவள் கணவன் இளவழகனும் வீடு தங்கமாட்டார்கள். ஜீப்பில் விராலிமலைப் பொட்டல்வெளிகளில் இடிமழையைத் துரத்துவார்கள். மேகத்தை முதலில் படமெடுத்துப் பதிகிறவருக்கே மழை சொந்தம் என்று சட்டம் வந்த பிறகும் அவர்கள் எதையும் பதிந்ததில்லை. புறப்படுமுன் இருவர் போன் கேமராவிலும் பிளாஸ்திரி ஒட்டிவிடுவார்கள்.

அன்று மதியம் எழுந்த மேகம் இலுப்பூர்ப் பக்கம் நகர்ந்தது. அங்கே செந்தாமரையின் தங்கை தேன்மொழியின் எள் வாடி நின்றது. இந்த மழை இல்லாவிட்டால் காய் பிடிக்காது. செந்தாமரை அவளைப் போனில் அழைத்தாள்.

"கொடியில கெடக்குற துணிய எடுடி. உனக்குத்தான் வருது."

"பொய்யா இருந்துச்சு, வீட்டுப் பக்கம் வந்துராத," என்று சிரித்தாள் தங்கை.

கண்ணாடியில் முதல் துளி விழுந்தது. அப்போதே, பதிந்தவர் ஊருக்கு மேகத்தை ஓட்டிப்போகும் ட்ரோன்கள் வடக்கிலிருந்து வந்து அதைச் சூழ்ந்தன. அது மெல்லத் திருச்சியை நோக்கித் திரும்பியது.

"யாருங்க பதிஞ்சது? இங்க நம்மளத் தவிர ஆளே இல்லையே."

இளவழகன் தன் போனைச் சட்டைப்பையில் போட்டான். அவன் கட்டைவிரலில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது.

"திருச்சியில நம்ம அபார்ட்மெண்ட்ல தண்ணி இல்ல தாமர. செக்ரட்டரின்னு எல்லாரும் என்னையத்தான் பிடிச்சுக்கிறாங்க."

"அவ எள்ளு?"

"அடுத்த மேகம் வரும்ல."

போன் அடித்தது. "துணி, வரட்டி எல்லாம் உள்ள எடுத்து வச்சிட்டேன்க்கா. எதுவரைக்கும் வந்திருக்கு?"

செந்தாமரை போனைக் கணவன் காதில் வைத்தாள்.

"நீங்களே சொல்லுங்க."